ஐந்தாவது ஆள் பேசவில்லை

அன்றைக்கு லைனில் இருந்தவர்கள் ஐந்து பேர்.

பொறியாளர் மேடம். எங்கள் செக்‌ஷனுக்கு வந்து இரண்டு வருடம். என் மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கும். ஜீப்பில் உட்கார்ந்து வேலை வாங்கமாட்டார். கம்பத்தடியில் வந்து நிற்பார்.

லைன்மேன். என் மனைவி பிறந்த தெருக்காரன். அவளை அக்கா என்பான். என்னை மாமா என்பான்.

ஒயர்மேன். ரிட்டயர் ஆக எட்டு மாதம் பாக்கி. முட்டி வலி. கம்பத்தில் ஏறமாட்டார், கீழே நின்று கயிறு பிடிப்பார்.

ஒப்பந்த ஆள் ஒருவன். யார் குரலில் வேண்டுமானாலும் பேசுவான். டீக்கடையில் மேடம் மாதிரிப் பேசி ஒயர்மேனை பெஞ்சை விட்டு எழுந்து நிற்க வைத்தவன்.

இன்னொரு ஒப்பந்த ஆள். செங்கம் பக்கத்துக்காரன். ஒரு முறை ஆக்ஸிஜன் சிலிண்டரைத் தோளில் வைத்து என் வீட்டுப் படி ஏற்றிக் கொடுத்தான். அதிலிருந்து எப்போது போனில் பேசினாலும் முதலில் என் மனைவியைப் பற்றி ஒன்று கேட்பான். "அம்மா எப்படி இருக்காங்க சார்?" அதற்குப் பிறகுதான் வேலைப் பேச்சு.

நான் லைனில் இல்லை. துணை மின் நிலையத்தில் பேனலுக்கு முன்னால் இருந்தேன்.

வீட்டில் இரண்டு பேர். மனைவி. மகள்.

எனக்குப் படிப்பு ஒன்பதாவதோடு சரி. கம்பத்துக்குக் குழி தோண்டுகிற வேலைக்கு வந்தேன். அப்புறம் கம்பம் ஏறினேன். இப்போது ஆபரேட்டர். மணிக்கு ஒரு முறை ஆம்பியர், வோல்ட் பார்த்து லாக் புக்கில் எழுதவேண்டும். லைன் ட்ரிப் ஆகித் தானாக நின்றால் சொல்லவேண்டும். எடு என்றால் எடுக்கவேண்டும். போடு என்றால் போடவேண்டும். லாக் புக் எழுதித்தான் எனக்கு எழுத்தே ஒழுங்காக வந்தது. அதனால் எதை எழுதினாலும் நேரம் போட்டு எழுதிவிடுவேன்.

வீடு அடி அண்ணாமலையில். மனைவிக்கு நுரையீரல் போய்விட்டது. பெரிய காய்ச்சல் வந்த வருடம் பிழைத்து வந்தாள். ஆனால் முழுதாக வரவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் மெஷின் ஓடவேண்டும். காற்றை இழுத்து அதிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்து மூக்குக்குக் கொடுக்கும் மெஷின். பழைய கிரைண்டர் மாதிரி ஒரு சத்தம். அந்தச் சத்தம் இருந்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். நின்றால் எழுந்துவிடுவேன். மெஷினுக்கு கரண்ட் வேண்டும். கரண்ட் போனால் இன்வெர்ட்டர் ஒரு மணி நேரம் தாங்கும். அதற்குப் பிறகு சின்ன சிலிண்டர். அது ஒன்றேகால் மணி நேரம். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

விரலில் மாட்டுகிற சின்ன கருவி ஒன்று உண்டு. ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று காட்டும். நல்ல ஆளுக்குத் தொண்ணூற்றெட்டு காட்டும். அவளுக்கு மெஷின் ஓடும்போதே தொண்ணூற்றிரண்டுதான். எண்பத்தைந்துக்குக் கீழே போனால் தூக்கிக்கொண்டு வாருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

எங்கள் தெருவுக்கு வரும் கரண்ட் என் பேனலில் இருந்துதான் போகிறது. மூன்றாவது ஃபீடர். தெருவில் எல்லோருக்கும் அது தெரியும். கரண்ட் போனால் எதிர்வீட்டுக்காரர் கேட்பார். "உன் ஊட்டுக்கு மட்டும் தனியா ஒரு பட்டன் வெச்சிருப்பியே, எங்களுக்கும் கொஞ்சம் அமுக்கேன்." நானும் சிரிப்பேன்.

பட்டன் இல்லை. ஒரே ஒரு பிரேக்கர் சுவிட்ச். போட்டால் அத்தனை பேருக்கும் வரும். எடுத்தால் அத்தனை பேருக்கும் போகும்.

எல்.சி. பற்றிச் சொல்லவேண்டும். லைன் கிளியர் என்பதைத்தான் அப்படிச் சொல்வோம். கம்பியில் கரண்ட் இல்லை, ஏறலாம் என்று நான் எழுதிக் கொடுக்கும் உறுதி அது. யார் பேரில் வாங்கினார்களோ அவர் வேலை முடிந்து திருப்பிக் கொடுக்கவேண்டும். அதுவரை அந்த சுவிட்சில் சிவப்பு அட்டை தொங்கும். ஆட்கள் வேலை செய்கிறார்கள் என்று அட்டையில் இருக்கும். மேலதிகாரிகள் சொன்னாலும் அட்டையைக் கழற்றக்கூடாது.

விதிப்படி எல்.சி. வாங்கியவர் சொன்னால் போதும். நான் அதற்கு மேலே ஒன்று வைத்திருந்தேன். லைனுக்குப் போன ஒவ்வொரு ஆளும் என்னோடு பேசவேண்டும். ஒரே கேள்விதான் கேட்பேன். கால் எங்கே? மண்ணில் என்று பதில் வரவேண்டும். எல்லோரும் சொன்ன பிறகுதான் போடுவேன். இதற்காக என்னைக் கிண்டல் செய்வார்கள். எனக்கு அட்டெண்டன்ஸ் வாத்தியார் என்று பேர் வைத்தார்கள்.

என் இடது கையில் சுண்டு விரலும் அதற்கு அடுத்த விரலும் இல்லை. நான் கம்பம் ஏறிக்கொண்டிருந்த காலம். வேறு செக்‌ஷன் வேலைக்கு ஒத்தாசைக்குப் போனேன். எல்.சி.யில் என் பேர் இல்லை. வேலை முடிந்தது. நாலு பேர் போனார்கள், நாலு பேர் இறங்கியாச்சு என்று அவர்கள் சொன்னார்கள். சரியாகத்தான் சொன்னார்கள். நான் ஐந்தாவது. அடுத்த கம்பத்தில் இருந்தேன். அன்றைக்கு இருந்த ஆபரேட்டர் போட்டார். அவர் மேல் தப்பில்லை. அவருக்குச் சொன்ன கணக்கு சரி.

அதற்கு மேல் அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

அன்றைக்கு சித்ரா பௌர்ணமி. பஸ்ஸை எல்லாம் ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். கிரிவலப் பாதையில் வண்டி விடவில்லை. மதியமே ஜனம் நடக்க ஆரம்பித்துவிட்டது. எங்கள் வீடு அந்தப் பாதையை ஒட்டித்தான். பௌர்ணமி அன்றைக்கு எங்கள் தெருவில் ஒரு சைக்கிள்கூட வெளியே போகாது. அது தெரிந்ததால் காலையிலேயே சிலிண்டரைப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்கு வந்தேன். நிறைந்திருந்தது.

1.40க்குக் காற்று. 1.43க்கு மூன்றாவது ஃபீடர் ட்ரிப். ஒரு முறை போட்டுப் பார்த்தேன். நிற்கவில்லை. மழை பத்து நிமிடம்கூட இல்லை. லைன்மேன் போன் செய்தான்.

"மாமா, புளிய மரம் சாஞ்சிடுச்சு. ரெண்டு கம்பி கீழ கிடக்குது. எல்.சி. குடுங்க."

"எத்தினி பேரு?"

"மேடமோட சேத்து அஞ்சு."

எடுத்தேன். லைனை எர்த் செய்தேன். அட்டை மாட்டினேன். ஐந்து பேரும் யார் யார் என்று கேட்டு எழுதினேன். 1.55.

இரண்டு மணிக்கு என்னை மாற்ற வேறு ஆபரேட்டர் வரவேண்டும். அவர் கூட்டத்தில் மாட்டிக்கொண்டார். வந்திருந்தால் நான் வீட்டுக்குக் கிளம்பியிருப்பேன். நடந்து போய்ச் சேர்ந்திருப்பேன். சேர்ந்து என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை.

மகள் போன் செய்தாள்.

"அப்பா, எப்ப வரும்?"

"மரம் விழுந்துக்குது. ஆவும். இன்வெர்ட்டர் ஓடுதா?"

"ஓடுது."

"அம்மா?"

"டிவி போகுதேன்னு கவலை. சீரியல் பாதியில நின்னுச்சாம்."

2.50க்கு மறுபடி. "இன்வெர்ட்டர் கத்துது. சிலிண்டர் மாத்திட்டேன்." நான் நேரம் பார்த்துக்கொண்டேன். ஒன்றேகால் மணி நேரம். நாலு ஐந்துவரை வரும். புளிய மரம் அறுக்க ஒரு மணி நேரம், கம்பி இழுத்துக் கட்ட ஒரு மணி நேரம். சரியாக வந்துவிடும் என்று நினைத்தேன்.

3.20க்கு பெரிய ஆபீஸிலிருந்து போன். பாதை விளக்கு இந்த ஃபீடரில்தான் இருக்கிறது. இருட்டுவதற்குள் எரியவேண்டும். இவ்வளவு ஜனம் நடக்கிறது. நான் சரிங்க சார் என்றேன். 3.35க்கு இன்னொரு போன். அதே பேச்சு, கொஞ்சம் ஜாஸ்தி சத்தம். சரிங்க சார். 3.50க்கும் ஒன்று. என் மனைவியைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவர்கள் முடிவெடுக்கவேண்டி வரும். அந்த முடிவு எந்தப் பக்கம் போனாலும் எனக்கு வேண்டாம்.

3.58க்கு லைன்மேன்.

"மாமா, முடிஞ்சிச்சு. எல்.சி. திருப்பிக்கோங்க. சீக்கிரம் போடுங்க."

"ஒவ்வொருத்தனா குடு."

"மாமா, இன்னிக்குமா?"

"குடு."

முதலில் அவனே சொன்னான். "மண்ணுல." போனை ஒயர்மேனிடம் கொடுத்தான். "என் கால் என்னிக்குய்யா மண்ண விட்டு எழுந்துது?" அடுத்து குரல் மாற்றுகிறவன். "கால் செருப்புல இருக்குது, செருப்பு சேத்துல இருக்குதுண்ணா." மேடம் வாங்கிப் பேசினார். "மண்ணுலதான் அண்ணா. சாப்பாடுகூட இல்ல, நின்னு நின்னு கால் போச்சு."

"அஞ்சாவது ஆளு?"

மேடம் லைன்மேனைக் கேட்பது எனக்குக் கேட்டது. லைன்மேன் மெதுவாகச் சொன்னான். மூன்று கம்பம் தள்ளி ஒரு மூங்கில் கம்பியில் சாய்ந்திருந்தது. கொக்கிக் கழியைக் கொடுத்து செங்கத்துக்காரனை மட்டும் அனுப்பியிருக்கிறான். தனியாக அனுப்பக்கூடாது. ஆள் இல்லை, அனுப்பிவிட்டான். போய் முக்கால் மணி நேரம்.

"போன் போடு அவனுக்கு."

"சுவிட்ச் ஆஃப்னு வருது மாமா. மதியமே சார்ஜ் கம்மின்னு சொன்னான்."

கரண்ட் இல்லாததால் அவன் போனில் சார்ஜ் இல்லை. சார்ஜ் இல்லாததால் நான் கரண்ட் போட முடியவில்லை. இதை அன்றைக்கு யோசிக்கவில்லை. பிறகு நிறைய யோசித்தேன்.

"ஆளைப் பாத்துட்டுச் சொல்லு" என்று வைத்துவிட்டேன்.

4.07க்கு மகள். "சிலிண்டர் முள்ளு கீழ வந்துடுச்சு. மூக்குல காத்து வரல." குரலில் அழுகை இல்லை. என்னை மாதிரி அவளும் அழமாட்டாள். "நூத்தியெட்டுக்கு போன் பண்ணிட்டேன். பாதையில வண்டி வராதாம். தடுப்பாண்ட நிறுத்திட்டு ஸ்டெச்சரோட நடந்து வர்றாங்களாம். அந்தக் கூட்டத்துல எப்பப்பா வந்து சேர்றது?"

"அம்மாவ நிமித்தி உக்கார வை. பேச விடாத."

"நீ எப்ப போடுவ?"

"ஆளு ஒருத்தன் வரணும்."

"எந்த ஆளு?"

சொன்னேன்.

"நீதானப்பா சுவிட்சாண்ட உக்காந்துக்குற?"

"ஆமா."

வைத்துவிட்டாள்.

பேனல் அறையில் ஒரு நாற்காலி, ஒரு மேசை, சுவரில் ஒரு கடிகாரம். சுவிட்ச் நாற்காலியிலிருந்து நாலு அடி. எழுந்துபோய் அதன் முன்னால் நின்றேன். அட்டை தொங்கியது. திரும்ப வந்து உட்கார்ந்தேன். லாக் புக்கைத் திறந்தேன். எழுத ஒன்றும் இல்லை. மூடினேன்.

4.16க்கு லைன்மேன்.

"மாமா, வந்துட்டான்."

"யாரு?"

"அவன்தான். மூங்கில வெட்டிட்டு வந்துட்டான். பக்கத்துலதான் நிக்கிறான். போடுங்க மாமா. அக்கா தாங்காது."

வீட்டு விஷயம் அவனுக்குத் தெரிந்துவிட்டது. மகள் அவனுக்கும் போன் செய்திருப்பாள்.

"குடு அவன்கிட்ட."

போன் கை மாறியது.

"கால் எங்க?"

"மண்ணுல சார். எறங்கிட்டேன் சார்."

அவன் குரல்தான். செங்கம் பக்கத்து இழுப்பு. சார் என்று சொல்லும்போது கடைசியில் கொஞ்சம் மேலே தூக்குவான், அதுவும் இருந்தது. நான் எழுந்தேன். போன் இடது கையில். வலது கையால் அட்டையைக் கழற்றினேன். மேசையில் வைத்தேன். அதுவரை போய்விட்டேன்.

அப்போதும் நான் காத்திருந்தேன். எதற்கு என்று உடனே தெரியவில்லை. அவன் ஒன்று கேட்கவேண்டும். எப்போதும் கேட்பான். அன்றைக்குக் கேட்கவில்லை.

"இன்னாடா, அம்மா எப்படி இருக்காங்கன்னு கேக்கல நீ?"

பின்னால் ஜனம் நடக்கிற சத்தம், யாரோ அரோகரா சொல்கிற சத்தம்.

"கேளுடா."

மூச்சு விடுவது கேட்டது. பிறகு வேறு குரல். டீக்கடையில் சிரிக்க வைக்கிறவனின் சொந்தக் குரல். அது எப்படி இருக்கும் என்று எனக்கு அதுவரை சரியாகத் தெரியாது.

"அத மட்டும் கேக்க வாய் வரலண்ணா."

நான் திட்டவில்லை. திட்ட வரவில்லை. லைன்மேன் போனை வாங்கினான். அழுதுகொண்டிருந்தான்.

"மாமா, அவன் மேல இருக்கமாட்டான் மாமா. ஒரு மணி நேரமா ஒரு மூங்கில எவனாவது வெட்டுவானா? எங்கனா ஊட்டுக்குப் போயிருப்பான். என் மேல பழிய போட்டுக்கோங்க. நான் எழுதிக் குடுக்கிறேன். போடுங்க."

"நீ போய்ப் பாத்தியா?"

"ரோட்ட தாண்ட முடியல மாமா. தலை தலையா இருக்குது."

"பாத்துட்டுச் சொல்லு."

அட்டையை எடுத்து மறுபடி மாட்டினேன். அது எளிதாக மாட்டவில்லை. இரண்டு விரல் இல்லாத கையாலும் எப்போதும் எளிதாகத்தான் மாட்டுவேன். அன்றைக்கு மூன்று முறை தவறியது.

4.24க்கு மேடம்.

"அண்ணா, ஏன் எங்கிட்ட சொல்லல? இப்பதான் லைன்மேன் சொல்றார்."

"சொன்னா இன்னா பண்ணுவீங்க மேடம்?"

கொஞ்சம் யோசித்தார். படித்தவர், யோசிப்பு வேகமாக வரும்.

"பின்பக்கத்து ஃபீடர்ல இருந்து குடுத்தா? நடுவுல இருக்கிற சுவிட்சைத் திறந்துட்டா இந்தப் பக்கம் செத்த லைனாவே இருக்கும். உங்க தெருவுக்கு அந்தப் பக்கமா வந்துடும்."

நல்ல யோசனை. எனக்கு வராத யோசனை. ஒரு நிமிடம் எனக்கு உயிர் வந்தது. பிறகு கேட்டேன்.

"நடு சுவிட்சுக்கு எந்தப் பக்கம் மேடம் அவன் இருக்கான்?"

அவர் கம்பங்களை எண்ணுவது கேட்டது.

"மூங்கில் இருக்கிற கம்பம் இந்தப் பக்கம்" என்றார். "ஆனா அவன் அதுக்கு மேலயும் போயிருந்தா..."

"தெரியலல்ல?"

"தெரியல அண்ணா."

"அப்ப வேணாம்."

"நானே போய்ப் பாக்கறேன்" என்றார். ஓடுகிற சத்தம் கேட்டது. கூட்டத்துக்குள் "வழி விடுங்க, வழி விடுங்க" என்றார். "யம்மா, சாமி கும்பிட வந்தா பொறுமையா நடம்மா" என்று ஒரு பெண் சொன்னாள். அதோடு போன் நின்றது.

4.30க்கு பெரிய ஆபீஸ். "இன்னுமா போடல? யாருய்யா நீ, உம் பேரு இன்னா?" பேர் சொன்னேன். எழுதிக்கொண்டார். "ஆள் ஒருத்தர் மேல இருக்கார் சார்" என்றேன். மேலே இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. இல்லை என்றும் தெரியாது.

அதற்குப் பிறகு மகள் போன் செய்யவில்லை. நான் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடி செய்தேன். எடுக்கவில்லை. நாலு முறை செய்தேன்.

மூன்று யோசனை மாறி மாறி வந்தது. போட்டுவிடலாம், அவன் அங்கே இல்லை. இல்லை, இருக்கிறான். அவனுக்கும் வீட்டில் ஒருத்தி இருக்கிறாள், அவளுக்கு நான் யார் என்றே தெரியாது. நிறுத்தாமல் இதுவே வந்தது. பேனலில் மற்ற ஃபீடர்களின் முள் எல்லாம் சரியாக நின்றன. மூன்றாவது மட்டும் சைபரில். அந்த முள்ளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வேறு என்ன செய்தேன் என்று கேட்டால், ஒன்றும் செய்யவில்லை.

4.51க்கு போன் அடித்தது. மேடம் நம்பர். மூச்சு வாங்கும் குரல்.

"அம்மா எப்படி இருக்காங்க சார்?"

அவன்தான். இதை வேறு யாராலும் சொல்ல முடியாது.

"கால் எங்க?"

"ரோட்டுல சார். தார் ரோட்டுல. எறங்கி ரொம்ப நேரம் ஆச்சு சார்."

மேடம் வாங்கினார். "நான் என் கண்ணால பாக்கறேன் அண்ணா. என் கையைப் பிடிச்சிட்டு நிக்கிறான். மூங்கில் சாஞ்ச கம்பத்தையும் பாத்தாச்சு. லைன்மேனையும் கான்ஃபரன்ஸ்ல போட்டிருக்கேன், எல்.சி. திருப்பிச் சொல்றார். போடுங்க."

லைன்மேன் சொன்னான். அட்டையைக் கழற்றினேன். எர்த்தை எடுத்தேன். போட்டேன். முள் எழுந்து நின்றது. 4.52.

அவன் எங்கே இருந்தான் என்று அப்புறம்தான் தெரிந்தது. மூங்கிலை வெட்டிவிட்டு 3.50க்கே இறங்கிவிட்டான். பாதையைத் தாண்டி வரவேண்டும். பாதை ஓரம் அன்னதானம் நடந்தது. யாரும் மதியம் சாப்பிடவில்லையே என்று வரிசையில் நின்றிருக்கிறான். ஆளுக்கு ஒரு பொட்டலம்தான் கொடுப்பார்களாம். ஐந்து பேருக்கு வேண்டும் என்று கேட்டிருக்கிறான். ஐந்து முறை வரிசையில் வா என்றார்களாம். மேடம் பார்த்தபோது நாலு பொட்டலம் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஐந்தாவது முறை நின்றிருக்கிறான்.

லைன்மேன் 3.58க்குப் போடுங்கள் என்று சொன்னபோது, 4.16க்குப் பொய் சொன்னபோது, இரண்டு முறையும் லைனில் யாரும் இல்லை.

5.40க்கு எனக்கு மாற்று ஆள் வந்தார். நடந்தேன். எல்லோரும் ஒரு பக்கமாக நடந்தார்கள், நான் எதிர்ப் பக்கமாக. பாதை விளக்கு எரிந்தது. வீட்டு வாசலில் ஸ்டெச்சரை வைத்துக்கொண்டு இரண்டு பேர் டீ குடித்தார்கள். ஐந்து மணிக்கு வந்து சேர்ந்தார்களாம். அவர்கள் வரும்போது மெஷின் ஓடிக்கொண்டிருந்ததாம், அதனால் தூக்கிப் போகாமல் அளவு ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டு இருந்துவிட்டார்களாம்.

உள்ளே மெஷின் சத்தம் கேட்டது. கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றேன்.

அவள் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தாள். உதடு சாம்பல் நிறம். கண் திறந்து பார்த்தாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் நிறுத்தி நிறுத்திப் பேசினாள்.

"ஆளு... மேல... இருந்தானா?"

"இல்ல."

"எங்க?"

"சோறு வாங்கிக்கினு இருந்தான். எல்லாருக்கும்."

கண்ணை மூடினாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

"சாப்ட்டாங்களா?"

"தெரியல."

அதற்கு மேல் கேட்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்றைய நாளைப் பற்றி அவள் பேசியது அவ்வளவுதான்.

மகள் அடுப்பாண்டை நின்றிருந்தாள். திரும்பாமலேயே சொன்னாள்.

"உனக்கு அஞ்சு பேருப்பா. எனக்கு இது ஒண்ணுதான்."

ஏழு நாள் என்னோடு பேசவில்லை. சோறு போடுவாள், தண்ணீர் வைப்பாள், பேசமாட்டாள். எட்டாவது நாள் கரண்ட் பில் வந்திருப்பதாகச் சொன்னாள்.

லைன்மேன் இரண்டு நாள் கழித்து வந்தான். வாசலிலேயே நின்றான். உள்ளே வா என்றேன். அக்காவைப் பார்த்துவிட்டுப் போய்விட்டான். பொய் சொன்னதைப் பற்றி நான் எங்கும் எழுதவில்லை. ஆளைத் தனியாக அனுப்பியதையும் எழுதவில்லை. நான் அட்டையைக் கழற்றியதையும் எழுதவில்லை. இந்த மூன்றும் லாக் புக்கில் இல்லை. பெரிய ஆபீஸிலிருந்து தாமதம் ஏன் என்று ஒரு கடிதம் வந்தது. மேடம் பதில் எழுதினார். என்ன எழுதினார் என்று கேட்கவில்லை. குரல் மாற்றுகிறவன் டீக்கடையில் இப்போது அவ்வளவாகப் பேசுவதில்லை. ஒயர்மேன் கேட்டால்கூட "தொண்ட சரியில்லண்ணே" என்கிறான்.

செங்கத்துக்காரனிடம் யாரும் விஷயத்தைச் சொல்லக்கூடாது என்று மேடத்திடம் கேட்டுக்கொண்டேன். அவன் போனில் இன்னும் அதையே கேட்கிறான். அம்மா எப்படி இருக்காங்க சார். நல்லா இருக்காங்கப்பா என்கிறேன்.

நல்லா இல்லை. முன்பு மெஷினில் இரண்டில் வைத்தால் போதும். இப்போது நாலில் வைக்கவேண்டியிருக்கிறது. கட்டிலைவிட்டு பாத்ரூம்வரை நடந்துகொண்டிருந்தாள், இப்போது நடப்பதில்லை. அன்றைக்கு நடந்ததால்தானா என்று டாக்டரைக் கேட்டேன். நோய் இப்படித்தான் போகும் என்றார். அன்றைக்கு நடந்ததும் சேர்ந்திருக்கலாம் என்றார். இல்லாமலும் இருக்கலாம் என்றார். அவருக்கும் தெரியவில்லை.

நான் இரண்டாவது சிலிண்டர் வாங்கி வைத்துவிட்டேன். பெரியது. ஆனாலும் மூன்றாவது ஃபீடர் முள் ஆடினால் உடனே வீட்டுக்கு போன் போடுகிறேன். கால் எங்கே என்று இன்னும் ஒவ்வொருவரையும் கேட்கிறேன். அதை விடவில்லை. கேட்கும்போது முன்பு மாதிரி இல்லை. பதில் வரும்வரை வீட்டில் மெஷின் ஓடுகிறதா என்று காது தானாகத் தேடுகிறது. ஆறேழு கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்துகொண்டு.

போன மாதம் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போக அவள் ஃபைலைத் திறந்தேன். உள்ளே தினசரி நாள்காட்டித் தாள் ஒன்று மடித்து வைத்திருந்தது. சித்ரா பௌர்ணமித் தாள். பின்பக்கம் மகளுடைய எழுத்து. பென்சில். இடது பக்கம் நேரம், வலது பக்கம் விரல் கருவி காட்டிய அளவு. என் லாக் புக் மாதிரியே கோடு போட்டு எழுதியிருந்தாள். நான் எழுதுவதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறாள்.

4.07க்குத் தொண்ணூறு. 4.16க்கு எண்பத்தாறு. அந்த நேரத்தில்தான் நான் அட்டையைக் கழற்றினேன். 4.24க்கு எண்பத்துமூன்று. 4.30க்கு எண்பது. அதற்குப் பிறகு எழுத்து கோணல். ஒரு கையில் அம்மாவைப் பிடித்துக்கொண்டு எழுதியிருப்பாள். அதனால்தான் போனை எடுக்கவில்லை.

கடைசி வரியில் நேரம் 4.52. பக்கத்தில் ஒரு எண் மட்டும்.

எழுபத்தொன்று.